எதுக்கு சார் இந்தக் கணக்கு?

பல்லுறுப்புக் கோவையும் சைன், காஸ், டேன் அட்டவணையும் கரும்பலகைக்கு வரும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "எதுக்கு சார் இதெல்லாம்?" பெரும்பாலும் இதற்குக் கிடைக்கும் பதில்கள் மூன்று. பரீட்சைக்கு வரும். இன்ஜினியரிங் போக வேண்டுமானால் தேவைப்படும். பேசாமல் சொன்னதைப் போடு. மூன்றாவதைப் பதிலாகவே கொள்ள முடியாது. முதல் இரண்டும் உண்மைதான். ஆனால் பதினொன்றாம் வகுப்பில் கணக்கே இல்லாத குரூப் எடுக்கப்போகிறேன் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்ட பிள்ளைக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

கேள்வி ஒன்பதாம் வகுப்பில் எழுவதற்குக் காரணம் உண்டு. தொடக்கப் பள்ளிக் கணக்கில் கடை இருக்கும், காசு இருக்கும், மாம்பழம் இருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து எண்ணின் இடத்தில் எழுத்து வந்து உட்கார்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளில் பாடத்துக்கும் தெருவுக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோகிறது. அறுந்த இடத்தில் நின்றுதான் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

அந்த ஒரு கேள்விக்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு மாணவர் ஒரு பாடத்தில் முயற்சியைப் போடுவாரா என்பதை இரண்டு எண்ணங்கள் தீர்மானிக்கின்றன என்று அமெரிக்க உளவியலாளர் ஜாக்குலின் எக்கல்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980-களில் விளக்கினார்கள். "என்னால் முடியுமா?" என்பது ஒன்று. "முடிந்தால் எனக்கு என்ன?" என்பது மற்றொன்று. இரண்டாவதற்குள்ளும் பிரிவுகள் உண்டு: பாடம் பிடித்திருக்கிறதா, நான் யார் என்பதற்கு அது பொருந்துகிறதா, பின்னால் பயன்படுமா, அதற்காக நான் எதை இழக்க வேண்டியிருக்கும். அந்த இரண்டு எண்ணங்களில் ஒன்று பூச்சியமானால் மற்றது எவ்வளவு இருந்தாலும் முயற்சி எழாது. "எதுக்கு சார்?" என்று கேட்கும் பிள்ளைகளில் பலர் உண்மையில் கேட்க நினைப்பது "எனக்கு இது வருமா சார்?" என்பதைத்தான். அதை வாய்விட்டுக் கேட்பது கூச்சம். பயனைக் கேட்பது கௌரவம்.

பயம் முதலில்

2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதக் கல்வி பற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் ஆர்.ராமானுஜம். பள்ளிக் கணிதத்தின் சிக்கல்களில் அந்தக் குழு முதலாவதாகக் குறிப்பிட்டது, பெரும்பான்மைப் பிள்ளைகளிடம் உள்ள பயத்தையும் தோல்வி உணர்வையும். கணக்கைப் படிப்பதன் நோக்கம் சூத்திரங்களைச் சேமிப்பது அல்ல, கணித முறையில் சிந்திக்கப் பழகுவதே என்றும் அது வலியுறுத்தியது. இரண்டு பத்தாண்டுகள் ஆகியும் வகுப்பறைகளில் முதலாவது மாறவில்லை, இரண்டாவது நிறைவேறவில்லை.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது. அதில் எட்டு மதிப்பெண் கேள்விகள் இரண்டு: வடிவியல் படம் வரைவது ஒன்று, கிராஃப் போடுவது மற்றொன்று. பதினாறு மதிப்பெண் இங்கே கிடைத்துவிடும், ஒரு மதிப்பெண் கேள்விகளில் பத்தாவது தேறும், இன்னும் நான்கைந்து கணக்கை மனப்பாடம் செய்தால் 35 தாண்டிவிடலாம் என்று மெல்லக் கற்போருக்கென்று ஒரு வழி போடப்படுகிறது. பாஸ் ஆக வேண்டும் என்ற அக்கறையில் செய்யப்படுவதுதான். ஆசிரியரைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஓர் ஆண்டு முழுக்க மினிமம் மெட்டீரியலை மட்டும் படிக்கும் பிள்ளைக்கு அந்த ஏற்பாடு நாள்தோறும் ஒரு செய்தியைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது: மீதிக் கணக்கு உனக்கானது அல்ல. அப்படி ஒதுக்கப்பட்ட பிள்ளையிடம் கணிதத்தின் பெருமையைப் பேசிப் பயன் இல்லை.

ஈரானில் பிறந்த மரியம் மிர்சகானி 2014-இல் பீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான அதைப் பெற்ற முதல் பெண் அவர். நடுநிலைப் பள்ளியில் ஓராண்டு அவர் கணக்கில் சுமாராகத்தான் இருந்தார். அந்த ஆண்டின் ஆசிரியை அவரிடம் தனித் திறமை இருப்பதாக நினைக்கவில்லை; மிர்சகானிக்கும் கணக்கில் ஆர்வம் போய்விட்டது. அடுத்த ஆண்டு ஊக்கம் கொடுக்கும் வேறோர் ஆசிரியை வந்ததும் நிலைமை மாறியது. "பொண்ணுங்களுக்குக் கணக்கு வராது" என்று இன்னும் பேசும் வீடுகளில் சொல்லப்பட வேண்டிய கதை இது.

நம் ஊரில் ஆண்டுதோறும் டிசம்பர் 22 அன்று சொல்லப்படும் கதை வேறு. ராமானுஜன் பிறந்த அந்த நாளில் பல பள்ளி மேடைகளில் அவர் தெய்வ அருள் பெற்ற பிறவி மேதையாகவே காட்டப்படுகிறார். கேட்கும் பிள்ளை "அப்படிப் பிறந்தவர்களுக்குத்தான் கணக்கு" என்று முடிவு கட்டிக்கொண்டு வகுப்புக்குத் திரும்புகிறது. கும்பகோணத்தில் ஒரு பலகையில் எழுதி எழுதி அழித்து ஆண்டுக்கணக்கில் உழைத்த ராமானுஜனை, கணக்கிலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கோட்டைவிட்டு, கல்லூரியில் எஃப்.ஏ. தேர்வில் தோற்ற ராமானுஜனை மேடையேற்றினால் அந்தப் பிள்ளைக்கு அவர் இன்னும் நெருக்கமாவார்.

சொன்னால் வராது, எழுதினால் வரும்

பயம் ஓரளவு குறைந்த பிறகு பயன் பற்றிய பேச்சுக்கு வரலாம். இங்கே ஆய்வுகள் எதிர்பாராத ஒன்றைச் சொல்கின்றன. கிறிஸ் ஹல்மன், ஜூடித் ஹராக்கிவிச் என்ற இருவர் 2009-இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உயர்நிலைப் பள்ளி அறிவியல் வகுப்புகளில் ஒரு பகுதி மாணவர்கள், படித்த பாடம் தங்கள் வாழ்க்கையோடு எப்படித் தொடர்புபடுகிறது என்று அவ்வப்போது சில வரிகள் எழுதினார்கள். மற்றவர்கள் பாடத்தின் சுருக்கத்தை மட்டும் எழுதினார்கள். "நமக்கு இது வராது" என்று நினைத்துக்கொண்டிருந்த மாணவர்களிடம் தொடர்பை எழுதியதால் ஆர்வமும் கூடியது, மதிப்பெண்ணும் கூடியது.

எழுதுவதற்குப் பதில் ஆசிரியரே சொல்லிவிட்டால் என்ன? ஹராக்கிவிச்சும் எலிசபெத் கேனிங்கும் 2015-இல் ஒரு மனக்கணக்கு முறையை வைத்து இதைச் சோதித்தார்கள். அந்த முறையின் பயன்களை நேரடியாக எடுத்துச் சொன்னபோது தன்னம்பிக்கை குறைந்தவர்களுக்கு அது பாதகமாகவும் முடிந்தது. தாங்களே பயனைக் கண்டு எழுதியபோது அவர்களுக்கு நன்மை கிடைத்தது. இது யோசித்தால் புரிகிற விஷயம்தான். தன்னால் முடியாது என்று அஞ்சும் ஒருவரிடம் "இது வாழ்க்கைக்கு மிக முக்கியம்" என்று சொன்னால் அச்சம்தான் கூடும்.

ஜெர்மனியில் ஹன்னா காஸ்பார்ட் குழு, 82 ஒன்பதாம் வகுப்புகளில் கணிதத்துக்கென்றே இப்படி ஒரு முயற்சியைச் செய்தது. வகுப்புக்கு 90 நிமிடம், அவ்வளவுதான். சில வகுப்புகளில் மாணவர்கள் கணக்கின் பயன் பற்றித் தாமே எழுதினார்கள். வேறு சில வகுப்புகளில், தங்கள் வேலையிலும் அன்றாடத்திலும் கணக்கு எங்கே வருகிறது என்று சற்றே மூத்த இளைஞர்கள் சொன்னவற்றைப் படித்து, அவற்றில் எது தனக்குப் பொருந்தும் என்று எடைபோட்டார்கள். ஐந்து மாதத்துக்குப் பிறகும் விளைவு தெரிந்தது. இரண்டாவது வழியில் கூடுதலாகவே தெரிந்தது. விஞ்ஞானி வந்து பேசுவதைவிட, அதே பள்ளியில் படித்து இப்போது லேத் பட்டறையிலோ நர்ஸிங்கிலோ இருக்கும் அண்ணனும் அக்காவும் சொல்வது பிள்ளைகளை எட்டும் என்பதற்கு இது நல்ல ஆதாரம். மருந்தின் அளவை நோயாளியின் எடைக்கேற்ப விகிதத்தில் கணக்கிடும் நர்ஸ் அக்காவிடம், ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் என்ன ஆகும் என்று கேட்டாலே போதும்.

தண்டல் கணக்கு

பயனைத் தேடத் தமிழ்நாட்டு வகுப்பறைக்கு மிக அருகில் இருக்கும் இடம் கடன். காய்கறி வண்டிக்காரர் ஒருவர் தண்டலுக்குப் பணம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். பேசிய தொகை 10,000. வட்டி 1,000-ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுக்கிறார்கள். தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "பத்தாயிரத்துக்கு ஆயிரம், பத்து பர்சென்ட்தானே" என்றுதான் வீட்டில் பேச்சு நடக்கும்.

கரும்பலகையில் இதைப் பிரித்துப் பார்க்கலாம். அவர் கையில் 9,000 இருந்தது முதல் நாள் மட்டும். நாள்தோறும் திருப்பிக் கட்டுவதால் பாதி நாளில் கிட்டத்தட்ட பாதிப் பணம்தான் அவரிடம் கடனாக இருக்கிறது. கடைசி நாளில் ஒன்றும் இல்லை. ஆகவே 100 நாளும் சராசரியாக அவர் பயன்படுத்திய கடன் 4,500 ரூபாய்தான். 4,500-க்கு 1,000 வட்டி என்றால் 22 விழுக்காடு. அதுவும் 100 நாளுக்கு. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 3.65 மடங்கு, ஏறத்தாழ 80 விழுக்காடு. நாள் நாளாக நுணுக்கமாகப் போட்டால் 77, 78-இல் நிற்கும். பத்து என்று நினைத்தது எண்பதை ஒட்டி வந்து நிற்கும்போது வகுப்பில் எழும் சலசலப்பை எந்தப் பொன்மொழியாலும் எழுப்ப முடியாது.

பைக் கடனிலும் இதே வேலைதான் நடக்கிறது. ஒரு லட்சம் கடன், 12 விழுக்காடு 'ஃபிளாட்' வட்டி, மூன்று ஆண்டு. வட்டி 36,000, மாதத் தவணை ஏறத்தாழ 3,778 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் உண்மை வட்டி 21 விழுக்காட்டைத் தாண்டுகிறது. இந்தத் தவணையைக் கணக்கிடும் சூத்திரம் வேறெங்கிருந்தும் வரவில்லை. பத்தாம் வகுப்புப் பெருக்குத் தொடரின் கூடுதல்தான் அது. 'மூணு வட்டி' என்று ஊரில் சொல்வது 100-க்கு மாதம் 3 ரூபாய், ஆண்டுக்கு 36 விழுக்காடு. அதீத வட்டி வசூலைத் தடுக்க 2003-இல் சட்டமே கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. இருந்தும் இந்தக் கணக்கு வகுப்பறைக்குள் அவ்வளவாக வருவதில்லை. 14 முதல் 18 வயது வரையுள்ள கிராமப்புற இளைஞர்களிடம் 2023-இல் நடந்த 'ஏசர்' கல்விக் கணக்கெடுப்பில், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்க முடிந்தவர்கள் 43.3 விழுக்காடுதான். கழித்தல் தெரிந்தவர்களிலும் கடனைத் திருப்பிக் கட்டும் தொகையைச் சரியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே.

ஓர் எச்சரிக்கை இங்கே தேவை. பிள்ளைகளின் சொந்த வீட்டுக் கடனை வகுப்பில் சொல்ல வைக்கக் கூடாது. கணக்கு கற்பனை வண்டிக்காரருடையதாகவே இருக்கட்டும். வீட்டுக் கணக்கை வீட்டில் போட்டுப் பார்க்கப் பிள்ளைக்குத் தெரியும்.

பரங்கிமலையிலிருந்து எவரெஸ்ட் வரை

முக்கோணவியல் எதற்கு என்பதற்கும் ஒரு கதை உண்டு; அது சென்னையிலேயே தொடங்குகிறது. 1802 ஏப்ரல் 10 அன்று நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அருகே சமவெளியில் சங்கிலி பிடித்து ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளமுள்ள அந்தக் கோட்டை அளந்து முடிக்க 57 நாள் ஆயிற்று. முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களும் தாமே கிடைத்துவிடும். கிடைத்த பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் அடுத்தது. அப்படிக் கோணங்களை அளந்தபடியே முக்கோணச் சங்கிலி குமரியிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை போயிற்று. இடையிடையே சரிபார்க்க மட்டும் சில கோடுகளைத் தரையில் அளந்தார்கள். கோணம் பார்க்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து அது சுவரில் மோதிச் சேதமானது. லாம்ப்டன் அதை வாரக்கணக்கில் உட்கார்ந்து சரிசெய்தார்.

இந்த அளவையின் வழியில்தான் வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தரின் கணக்கில் எவரெஸ்ட் உலகின் மிக உயர்ந்த சிகரமாகத் தெரிந்தது. 1856-இல் அறிவிக்கப்பட்ட உயரம் 29,002 அடி. 2020-இல் அறிவிக்கப்பட்டது 8,848.86 மீட்டர், அதாவது 29,032 அடிக்குச் சற்றுக் குறைவு. யாரும் கால் வைக்காத மலையைத் தூரத்திலிருந்து பார்த்துப் போட்ட கணக்கில் வித்தியாசம் 30 அடி மட்டும்.

இதைப் பள்ளி மைதானத்தில் செய்துபார்க்கப் பணம் தேவையில்லை. ஒரு பாகைமானி, அதன் நேர்விளிம்பில் ஒட்டிய ஸ்ட்ரா, மையத்தில் கட்டித் தொங்கவிட்ட நூல், நூலின் நுனியில் ஒரு நட்டு. ஸ்ட்ரா வழியாக ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் உச்சியைப் பார்த்தால், நூல் 90 பாகையிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ அதுவே ஏற்றக்கோணம். 20 மீட்டர் தள்ளி நின்று 40 பாகை வந்தால், டேன் 40 சுமார் 0.839, உயரம் 16.8 மீட்டர், கண் மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் சேர்த்து 18.3. பக்கத்தில் நிற்கும் மாணவிக்கு அதே தொட்டி 41 பாகை காட்டினால் விடை அறுபது சென்டிமீட்டர் கூடிவிடும். யார் விடை சரி என்ற சண்டை அங்கே தொடங்கும். பத்து பேர் அளந்து சராசரி எடுத்தால் என்ன என்று யாராவது கேட்டால் புள்ளியியல் பாடம் தானாகவே தொடங்கிவிட்டது என்று பொருள்.

பயனுக்கு அப்பால்

பயனை மட்டும் நம்பினால் ஓரிடத்தில் சிக்கிக்கொள்ள நேரும். பாடப்புத்தகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் நாளைக்கே பயன் காட்ட முடியாது. காட்ட முயன்றால் பிள்ளைகள் பொய்யை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ராமானுஜனை உலகுக்கு அறிமுகப்படுத்திய ஹார்டி, எண் கோட்பாட்டுக்கு நடைமுறைப் பயன் இல்லை என்பதில் பெருமையே கொண்டிருந்தார். 1977-இல் பகா எண்களை வைத்து ஆர்.எஸ்.ஏ. என்ற ரகசியக் குறியீட்டு முறை வந்தது. இணையப் பரிவர்த்தனைகளின் பாதுகாப்புக்கு அது பெருந்துணையானது. எது எப்போது பயன்படும் என்று ஹார்டிக்கே தெரியவில்லை. "இதற்கு இப்போது பயன் இல்லை, ஆனால் யோசிக்க நன்றாக இருக்கிறது, பாருங்கள்" என்று ஆசிரியர் நேர்மையாகச் சொல்வது வகுப்பில் எடுபடும்.

பயனிலிருந்து அந்த இன்பத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக சோப்பு டப்பாவின் பார்கோடு போதும். அதன் கீழுள்ள 13 இலக்கங்களை இடமிருந்து வலமாக 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால் விடை எப்போதும் 10-இன் மடங்காக வரும். கடைசி இலக்கம் அதற்காகவே வைக்கப்பட்டது. ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால் கணினி கண்டுபிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால்? பெரும்பாலும் பிடிபடும். ஆனால் 2-உம் 7-உம், 3-உம் 8-உம் போல இரண்டுக்கும் வித்தியாசம் 5 என்றால் தப்பிவிடும்.

ஏன் 5? இரண்டு இலக்கங்களை அ, ஆ என்று கொண்டால், இடம் மாறும்போது கூட்டுத்தொகை அவற்றின் வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கு மாறுகிறது. அந்த இரண்டு மடங்கு 10 ஆகும்போது பிழை ஒளிந்துகொள்கிறது. நிரூபணம் அவ்வளவுதான், பாடப்புத்தகத்தின் மட்டு எண்கணிதம் போதும். இந்த இரண்டு வகைப் பிழையும் ஒளிந்துகொள்ள முடியாத முறையே கிடையாதா என்று அடுத்துக் கேட்கும் பிள்ளைக்கு, ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் அப்படியொரு முறையில்தான் கணக்கிடப்படுகிறது என்று சொல்லலாம். டச்சுக் கணிதவியலாளர் வெர்ஹூஃப் 1969-இல் கண்ட வழி அது. இந்தக் கட்டத்தில் "எதுக்கு சார்?" என்ற கேள்வி வகுப்பில் எழாது. "எப்படி சார்?" என்ற கேள்விதான் எழும்.

வீடும் பள்ளியும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக மிசிசிப்பியில் போராடிய பாப் மோசஸ், பின்னாளில் அல்ஜீப்ராவைக் குடியுரிமைப் பிரச்சினையாகவே பார்த்தார். அது தெரியாத ஏழைப் பிள்ளைகளுக்கு நல்ல வேலைகளின் கதவு மூடிவிடும் என்று கண்டு 1982-இல் 'அல்ஜீப்ரா திட்டத்தை'த் தொடங்கினார். அவர் முறை எளியது: பிள்ளைகளை பாஸ்டன் மெட்ரோ ரயிலில் கூட்டிப்போவார். போன பயணத்தைப் படமாக வரைய வேண்டும், தங்கள் மொழியில் பேச வேண்டும், பிறகு ஒழுங்கான சொற்களில் எழுத வேண்டும், குறியீடு கடைசியில்தான். எந்தப் பக்கம், எத்தனை நிலையம் என்பதிலிருந்து மிகை எண்ணும் குறை எண்ணும் வந்தன. நம் வகுப்புகளில் பெரும்பாலும் குறியீட்டில்தான் பாடம் தொடங்குகிறது. மதுரை டவுன் பஸ்ஸிலும் சென்னை மெட்ரோவிலும் அதே பாடத்தை நடத்தத் தடை ஏதும் இல்லை.

பெற்றோருக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஹராக்கிவிச் குழு, கணக்கும் அறிவியலும் எங்கெல்லாம் பயன்படுகின்றன, பிள்ளையிடம் அதைப் பற்றி எப்படிப் பேசலாம் என்று விளக்கும் இரண்டு சிறு கையேடுகளையும் ஓர் இணையதளத்தையும் பெற்றோருக்குக் கொடுத்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒரு செமஸ்டர் அளவு கூடுதலாகக் கணக்கும் அறிவியலும் எடுத்துப் படித்தார்கள் என்று 2012-இல் வெளியான முடிவு சொல்கிறது. தையல் அளவு எடுக்கும் அம்மாவும், கம்பி கட்டும் அப்பாவும் தங்கள் வேலையில் கணக்கு எங்கே வருகிறது என்று பேசினால் போதும். "எனக்கும் கணக்கு வராது, அதான் உனக்கும் வரல" என்பதை மட்டும் சொல்லாமல் இருக்க வேண்டும்.

பாடத்தை முடிக்கவே நாள் போதவில்லை என்ற ஆசிரியர்களின் குறை நியாயமானது. ஜெர்மனியில் ஐந்து மாதம் நீடித்த மாற்றத்துக்கு வகுப்பில் செலவான நேரம் ஒன்றரை மணி. ஜூனில் பள்ளி திறந்ததும் ஒவ்வொரு ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஆசிரியரும் இரண்டு பீரியடை இதற்கு ஒதுக்க வேண்டும். தலைமை ஆசிரியர்கள் அதற்கு அனுமதி கொடுக்க வேண்டும்.